காத்திருக்காத மருந்து

பெட் ஸ்கேனுக்கு நாள் குறித்துக்கொள்ள வரும் குடும்பத்தினர் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "காலை ஏழரைக்கே வர வேண்டும் என்கிறீர்களே, பத்து மணிக்கு வந்தால் ஆகாதா?" என்பது ஒன்று. "ஊசி மருந்தை முன்னதாகவே வாங்கி வைத்திருந்து, நாங்கள் வந்ததும் போடக் கூடாதா?" என்பது மற்றொன்று. சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் போன்ற ஊர்களிலிருந்து வெறும் வயிற்றுடன் நோயாளியை அழைத்துக்கொண்டு, வத்தலக்குண்டில் பேருந்து மாறி வருவோர் இவ்வாறு கேட்பதில் நியாயம் உண்டு.

இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. இம்மருந்து தயாரான நொடியிலிருந்தே குறையத் தொடங்குகிறது. எந்தக் குளிர்சாதனப் பெட்டியாலும் அதைத் தடுக்க இயலாது. ஆயினும், இவ்விடையைச் சொல்லி நோயாளியை நேரத்துக்கு வரச் சொல்வதோடு எங்கள் கடமை முடிந்துவிடுவதாக நான் கருதவில்லை. வழியில் குறையும் மருந்துக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை இன்று பெரும்பாலும் தொலைவில் வாழ்பவரே செலுத்துகின்றனர். அது மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

தடங்காட்டி என்பது யாது?

மருத்துவமனையில் 'ட்ரேசர்' என்று நாங்கள் குறிப்பிடும் பொருளைத் தமிழில் தடங்காட்டி எனலாம். உடல் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒரு பொருளுடன் கதிரியக்கமுள்ள அணு ஒன்றை இணைத்துச் சிறிதளவு செலுத்தினால், அப்பொருள் உடலுக்குள் எங்கெல்லாம் செல்கிறது என்பதை வெளியிலிருந்து கருவி கண்டறியும். இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெசி. 1923இல் கதிரியக்க ஈயத்தைக் கொண்டு, செடி தன் வேர் வழியே எடுத்துக்கொள்வது எங்கே சேர்கிறது என்பதை அவர் ஆராய்ந்தார். தடங்காட்டி முறைக்காக 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

பெட் ஸ்கேனில் மிகுதியாகப் பயன்படுவது எஃப்.டி.ஜி. எனப்படும் பொருள். இது குளுக்கோஸ் சர்க்கரையை ஒத்தது; இதில் ஃபுளூரின்-18 என்னும் கதிரியக்க அணு இணைக்கப்பட்டிருக்கும். புற்றுநோய்ச் செல்களில் பெரும்பாலானவை சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சுபவை. எஃப்.டி.ஜி.யையும் அவை சர்க்கரையென எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆனால் முழுமையாகச் செரிக்க முடியாமல் தேக்கி வைத்துக்கொள்கின்றன. தேங்கிய இடங்கள் படத்தில் ஒளிர்கின்றன. 1976இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எஃப்.டி.ஜி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு விமானத்தில் எடுத்துச் செல்லப்பட்டு, முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. ஆக, பிறந்த நாளிலேயே அது காலத்தோடு பந்தயம் ஓடிய மருந்து.

இதில் உள்ள எஃப்.டி.ஜி.யின் எடை மிக மிகச் சிறியது. நோயைக் குணப்படுத்துவது இதன் வேலையன்று. நோய் இருக்கும் இடத்தைக் காட்டுவது மட்டுமே.

தயாராகும் விதம்

ஃபுளூரின்-18 இயற்கையில் கிடைப்பதில்லை. சைக்ளோட்ரான் என்னும் இயந்திரத்தில் மின்னேற்றம் பெற்ற ஹைட்ரஜன் துகள்கள் காந்தப் புலத்தில் சுழன்று சுழன்று வேகம் பெறுகின்றன. அவ்வேகத்துடன் அவை சிறப்பு வகை நீரின்மீது மோதுகின்றன. அந்நீரிலுள்ள ஆக்சிஜன், ஆக்சிஜன்-18 என்னும் கனமான வகையைச் சேர்ந்தது. மோதலில் அது ஃபுளூரின்-18 ஆக மாறுகிறது. பின்னர், ஈயச் சுவர்களுக்குள் மனிதக் கை படாமல் இயங்கும் கருவி அதைச் சர்க்கரை மூலக்கூற்றுடன் இணைக்கிறது. இதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அடுத்து, மருந்தின் தூய்மை, அமிலத்தன்மை, நச்சுப் பொருள் இன்மை ஆகியவை சோதிக்கப்படுகின்றன.

இங்கே வாசகர் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. வழக்கமான ஊசி மருந்துகளில் நுண்ணுயிர் வளர்கிறதா என்பதை 14 நாள் வைத்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு விடுகின்றனர். இம்மருந்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஆகவே, நுண்ணுயிர் புக முடியாத மிக நுண்ணிய வடிகட்டி வழியே மருந்தைச் செலுத்தி, அவ்வடிகட்டி பழுதின்றி இருந்ததை உடனே உறுதிசெய்துகொண்டு மருந்தை அனுப்புகின்றனர். நுண்ணுயிர்ச் சோதனையின் இறுதி முடிவு மருந்து பயன்பட்ட பிறகே வரும். இதனால் தயாரிப்போரின் ஒழுங்கும் பயிற்சியுமே முதற்காவலாக அமைகின்றன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இத்தகைய மையங்களுக்குக் கடுமையான விதிகளை வகுத்துள்ளது.

நம் நாட்டில் கதிரியக்கப் பொருள் தயாரிப்பு டிராம்பேயில் தொடங்கியது. ஆசியாவின் முதல் ஆராய்ச்சி உலைகளுள் ஒன்றான அப்சரா 1956இல் இயங்கத் தொடங்கியது. சைரஸ், துருவா ஆகியவை பின்னர் வந்தன. மும்பை பரேலில் உள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் 2002இல் மருத்துவச் சைக்ளோட்ரான் அமைந்த பிறகே பெட் ஸ்கேன் இந்தியாவில் காலூன்றியது. கொல்கத்தாவில் 2018இல் அதைவிடப் பெரிய சைக்ளோட்ரான் மருத்துவத் தேவைக்கெனச் செயல்படத் தொடங்கியது. இன்று பெருநகரங்கள் பலவற்றில் தனியார் மையங்களும் உள்ளன.

சாலையில் கரையும் மருந்து

நிலக்கோட்டைப் பூச்சந்தையை அறிந்தவருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். விடியுமுன் பறித்த மல்லிகை மொட்டுக்குக் காலையில் ஒரு விலை, பகலில் ஒரு விலை. பூவுக்காவது ஈரத்துணி உண்டு, பனிக்கட்டி உண்டு. ஃபுளூரின்-18க்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் அது பாதியாகக் குறைந்துகொண்டே செல்லும். இதையே அரை ஆயுட்காலம் என்கிறோம்.

அதிகாலை 4 மணிக்கு மருந்து தயாராவதாக வைத்துக்கொள்வோம். 5.50க்கு அதில் பாதி மீதமிருக்கும். 7.40க்குக் கால் பங்கு, 9.30க்கு அரைக்கால் பங்கு, 11.20க்கு வீசம். பெரியவர் ஒருவருக்குச் சுமார் 8 மில்லிகியூரி தேவையெனில், அவருக்கு 7.40க்கு ஊசி போடுவதற்காக 4 மணிக்கு 32 மில்லிகியூரி தயாரிக்க வேண்டும். அதே நோயாளிக்கு 9.30க்கு ஊசி போடுவதென்றால் 64 மில்லிகியூரி வேண்டும். நேரம் தவறுவது ஒருவரே ஆனாலும், அவருக்குப் பின் காத்திருக்கும் மற்றவரின் பங்கும் குறைகிறது. சைக்ளோட்ரான் இல்லாத நம்மைப் போன்ற மருத்துவமனைகள் நேரத்தில் கண்டிப்பாக இருப்பதன் காரணம் இதுவே.

இப்போது இதே கணக்கை வேறொரு கோணத்தில் பாருங்கள். பெருநகரில் சைக்ளோட்ரானுக்கு அருகில் வாழும் நோயாளிக்கு மருந்து பெரும்பகுதியுடன் கிடைக்கிறது. நம் பகுதிக்கு வரும் மருந்தில் பெரும்பங்கு நெடுஞ்சாலையிலேயே கரைந்துவிடுகிறது. சுங்கச்சாவடி நெரிசலில் வண்டி நின்றாலும், சைக்ளோட்ரான் பழுதடைந்தாலும், முந்தைய நாள் மாலையிலிருந்து உண்ணாமல் வந்தவரிடம் "இன்று மருந்து வரவில்லை" என்று சொல்ல நேரிடுகிறது. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் இருவரின் ஒரு நாள் ஊதியமும் பயணச் செலவும் வீணாகின்றன. அதைவிட வருந்தத்தக்கது, நோயின் நிலையை அறிந்து சிகிச்சையைத் தொடங்குவது தள்ளிப்போவதாகும்.

பசுவும் பாலும்

எல்லாத் தடங்காட்டிகளும் இவ்வளவு அவசரக்காரர்கள் அல்லர். தைராய்டு சிகிச்சைக்குப் பயன்படும் அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள். அது உலையில் தயாராகி நெடுந்தொலைவு பயணம் செய்யும். எலும்பு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் ஸ்கேனுக்கு உதவும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகும். ஆனால் அதற்கு அருமையான ஒரு வழி உண்டு. மாலிப்டினம்-99 என்னும் தாய்ப் பொருள் 66 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பாதியாகும். அதை ஒரு சிறு கலனுக்குள் வைத்து அனுப்புகின்றனர். மருத்துவமனையில் அதன் வழியே உப்பு நீரைச் செலுத்தினால், அதிலிருந்து பிறந்த டெக்னீசியம் மட்டும் பிரிந்து வரும். சுமார் 23 மணி நேரத்தில் கலன் மீண்டும் நிறைந்துவிடும். இக்கலனுக்கு உலகெங்கும் உள்ள அணு மருத்துவத் துறையினர் இட்ட செல்லப் பெயர் 'பசு'. டெக்னீசியத்தைப் பிரித்தெடுப்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'கறத்தல்'. மறுநாள் காலையில் மடி நிறைந்து நிற்கும் பசுவை வைத்திருக்கும் நம் வட்டார மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதே முறையில் ஜெர்மானியம்-68 என்னும் தாயிடமிருந்து காலியம்-68 கறக்கப்படுகிறது. தாயின் அரை ஆயுட்காலம் 271 நாள். ஆகவே ஒரு கலன் ஏறத்தாழ ஓராண்டு உழைக்கும். புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயையும், சிலவகை நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளையும் கண்டறிய இது பெரிதும் உதவுகிறது. சைக்ளோட்ரானுக்குத் தொலைவில் உள்ள ஊர்களுக்கு இது பெரும் வரம்.

எனினும் பசுவுக்கும் ஆபத்து உண்டு. உலகின் மாலிப்டினத் தேவையில் பெரும்பகுதியை விரல்விட்டு எண்ணத்தக்க சில பழைய உலைகளே நெடுங்காலம் நிறைவேற்றி வந்தன. 2009 மே மாதத்தில் கனடாவின் சாக் ரிவர் உலையில் கசிவு கண்டறியப்பட்டு, 2010 ஆகஸ்டு வரை அது மூடப்பட்டபோது, பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிவைக்கப்பட்டன. எங்கோ ஓர் உலையில் ஏற்பட்ட கசிவு, கடல் கடந்த ஊரில் ஓர் இதய நோயாளியின் பரிசோதனையை நிறுத்தியது. தயாரிப்பு ஓரிரு இடங்களில் குவிந்திருப்பதன் தீமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மருத்துவ ஐசோடோப்புகளுக்கெனத் தனியார் பங்கேற்புடன் ஆராய்ச்சி உலை ஒன்று அமைக்கப்படும் என்று மத்திய அரசு 2020 மே மாதத்தில் அறிவித்தது. வரவேற்கத்தக்க அவ்வறிவிப்பு விரைந்து செயல்வடிவம் பெற வேண்டும்.

நம் மண்ணின் கேள்விகள்

தயாரிப்பு அருகில் இருப்பது ஆராய்ச்சிக்கும் இன்றியமையாதது. கார்பன்-11 என்னும் தடங்காட்டி அணு 20 நிமிடத்தில் பாதியாகும். நைட்ரஜன்-13 பத்து நிமிடத்தில். இவற்றைத் தயாரிக்கும் கட்டடத்திலேயே நோயாளியும் இருக்க வேண்டும். மறதி நோயான அல்சைமரில் மூளையில் படியும் புரதத்தைக் காட்டும் தடங்காட்டி முதலில் கார்பன்-11 கொண்டே உருவாக்கப்பட்டது. 2002இல் சுவீடனின் உப்சாலா நகரில் அது முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. சைக்ளோட்ரான் உள்ள சில நிலையங்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. அதே நோக்கில் ஃபுளூரின்-18 கொண்டு உருவான மருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்த பிறகே, பிற ஊர்களின் நோயாளிகளுக்கும் அவ்வாய்ப்பு விரிந்தது.

நமக்கே உரிய கேள்விகளும் உண்டு. காசநோய் மிகுந்த நம் நாட்டில் எஃப்.டி.ஜி. ஸ்கேன் ஒரு சிக்கலை எதிர்கொள்கிறது. காசநோயால் ஏற்படும் அழற்சியும் சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும். நுரையீரலில் ஒளிரும் ஒரு புள்ளி புற்றுநோயா, காசநோயா என்பதைப் படம் மட்டுமே கொண்டு உறுதிப்படுத்த இயலாமல், திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டி வருகிறது. படத்தில் ஒளிர்ந்ததைக் கண்டதும் குடும்பத்தினர் மனம் உடைந்துவிட வேண்டாம் என்று நாங்கள் சொல்வதன் காரணமும் இதுவே. இவ்விரண்டையும் வேறுபடுத்தும் நம்பகமான தடங்காட்டி கிடைத்தால் அதனால் பெரும்பயன் பெறப்போவது நம் போன்ற நாட்டினரே. காசநோய் அரிதாகிவிட்ட நாடுகள் நமக்காக அதை முதன்மைப் பணியாக எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஆராய்ச்சிக்கும் இடமளிக்கும் தயாரிப்பு மையம் ஒன்று, பொது உடைமையில், தென் மாவட்டங்களுக்கு வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் அதைப் பகிர்ந்துகொள்ளலாம். சைக்ளோட்ரான் ஒருமுறை இயங்கினால் பலருக்குத் தேவையான மருந்தைத் தரும். பங்கு கூடக் கூட ஆளுக்கான செலவு குறையும்.

இதற்கு மறுப்பும் உண்டு. கோடிக்கணக்கில் செலவாகும், பழுதடைந்தால் நிபுணர் வேண்டும், அப்பணத்தில் எத்தனையோ ஆரம்ப சுகாதார நிலையங்களை மேம்படுத்தலாம் என்பர். இம்மறுப்பை நான் எளிதாக ஒதுக்கவில்லை. கதிரியக்க வேதியியலிலும் மருந்தியலிலும் பயிற்சி பெற்றோர் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கினால் அது காட்சிப்பொருளாகவே நிற்கும். ஆகவே, ஆட்களைப் பயிற்றுவிக்கும் பணி கட்டடத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். அம்மையம் அமையும்வரை, செலவு குறைந்த கலன் முறையை மாவட்டத் தலைமையிடங்கள்வரை கொண்டு செல்லலாம். ஆனால் புற்றுநோயின் நிலையைச் சரியாக அறிந்த பிறகு தேவையற்ற அறுவை சிகிச்சை தவிர்க்கப்படுவதையும், பயனற்ற மருந்து நிறுத்தப்படுவதையும் கண்டு வருபவன் என்ற முறையில், இதை ஆடம்பரம் என்று என்னால் ஏற்க இயலவில்லை.

இரண்டாவதாக, மருத்துவமனைகளாகிய நாங்கள் செய்ய வேண்டியது. அதிகாலையில் மருந்து புறப்பட்டதா என்பதை உறுதிசெய்துகொண்டு, நோயாளி வீட்டைவிட்டுக் கிளம்புமுன் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். தொலைவிலிருந்து வருவோருக்கு முதல்நாள் இரவு தங்கக் குறைந்த கட்டணத்தில் இடம் தர வேண்டும். அதுவும் இயலாதவருக்குப் பிந்திய நேரத்தை ஒதுக்கி, அதனால் கூடும் மருந்துச் செலவை எல்லா ஸ்கேன்களுக்கும் பொதுவாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் எந்த ஊரில் பிறந்தார் என்பது அவருடைய மருத்துவக் கட்டணத்தை உயர்த்தக் கூடாது.

குடும்பத்தினருக்குச் சில சொற்கள்

ஸ்கேனுக்கு முன் 6 மணி நேரம் உண்ணாதிருங்கள். சர்க்கரை சேர்க்காத வெறும் நீர் அருந்தலாம். பேருந்து நிலையத்தில் குடிக்கும் ஒரு குவளைக் காபி அன்றைய ஸ்கேனையே கெடுத்துவிடும். இரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தள்ளிவைக்க நேரிடும். எனவே சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்கூட்டியே எங்களிடம் கேளுங்கள். ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் பேசாமலும் நடமாடாமலும் ஓய்வெடுக்கச் சொல்வோம். உழைக்கும் தசையும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதே காரணம்.

கதிரியக்கம் என்றதும் அஞ்சுவோர் பலர். தை மாதத்தில் சேவுகம்பட்டிப் பெருமாள் கோயிலில் வாழைப்பழங்களைச் சூறைவிடும் வழக்கத்தை இவ்வட்டாரத்தார் அறிவர். அப்பழத்திலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு இயற்கையாகவே கதிரியக்கம் உடையது. நம் உடலிலும் அது உண்டு. ஸ்கேனில் பெறும் அளவு அதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தடங்காட்டியால் மட்டும் சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் வரை உடல் பெறும். உலக மக்கள் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறும் சராசரி 2.4. இக்காரணத்தால்தான் தேவையின்றி இதைப் பரிந்துரைப்பதில்லை. சாதாரண சி.டி. அல்லது அல்ட்ராசவுண்டு போதுமான இடத்தில் "பெரிய ஸ்கேன் எடுங்கள்" என்று வற்புறுத்த வேண்டாம். ஊசி போட்ட மறுநாள் இதே நேரத்தில் மருந்தின் கதிரியக்கம் எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அன்று சில மணி நேரம் மட்டும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்காதிருந்தால் போதும். கருவுற்றிருந்தாலோ தாய்ப்பால் ஊட்டினாலோ முன்னரே தெரிவிக்கத் தயங்காதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். குறித்த நாளில் வர இயலாமல் போனாலோ, வந்தும் ஸ்கேன் நடைபெறாமல் திரும்பினாலோ, தங்கள் ஊர்ப் பெயரையும் காரணத்தையும் வரவேற்பறையிலுள்ள பதிவேட்டில் எழுதித் தாருங்கள். எழுத இயலாதவருக்கு எங்கள் செவிலியர் எழுதித் தருவர். எந்த ஊர்க்காரர் எத்தனை முறை வெறும் கையுடன் திரும்பினார் என்ற கணக்கு நம்மிடம் இருந்தால்தான், தென் மாவட்டங்களுக்கு ஒரு தயாரிப்பு மையம் வேண்டும் என்று அரசிடம் கேட்கும்போது அக்கோரிக்கைக்கு வலுவிருக்கும்.